கேமரா அமரும் இருக்கை: விமானப் பேரிடர்ப் படங்களை விஷ்ராந்த்வாடியிலிருந்து பார்த்தல்

புணே நகரின் விஷ்ராந்த்வாடியில் பேச்சு அடிக்கடி பாதியில் நின்றுபோகும். லோஹேகாவ் விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் ஒன்று கிளம்பினால் தேநீர்க் கடையில் இருப்போரும் வகுப்பறையில் இருப்போரும் வாயை மூடிக் காத்திருப்பார்கள். ஒலி அகன்றதும் விட்ட சொல்லிலிருந்தே பேச்சைத் தொடர்வார்கள். பயணிகள் விமானங்களும் அதே ஓடுபாதையைத்தான் பயன்படுத்துகின்றன. ஆண்டுதோறும் ஞானேஸ்வரரின் பல்லக்கோடு ஆளந்தியிலிருந்து நடந்தே வரும் வார்க்கரிகள் புணேக்குள் நுழையும் சாலையும் இவ்வழியேதான் செல்கிறது. விமானத்தில் ஒருமுறையேனும் ஏறியிராத பலர், விமானத்தின் ஒலியோடு நாள் முழுவதும் வாழும் இடம் இது. விமானப் பேரிடர்ப் படங்களைப் பற்றி யோசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இருப்பது அரிது. ஏனெனில் அப்படங்கள் எவரைத் தம் சட்டகத்துக்கு வெளியே நிறுத்துகின்றனவோ, அவர்கள்தாம் இங்கு வாழ்கிறார்கள்.

இந்த யோசனைக்குத் தூண்டுகோலாக அமைவது ஒரு நைஜீரியப் படம். ஓபி எமெலோன்யே இயக்கிய 'லாஸ்ட் ஃப்ளைட் டு அபுஜா' 2012 இல் வெளிவந்தது. ஒமோட்டோலா ஜலாடே எகெயிண்டே, ஹக்கீம் கே காசிம், ஜிம் ஐக் ஆகியோர் நடித்தது. 2006 இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, லாகோசிலிருந்து தலைநகர் அபுஜாவுக்குச் செல்லும் கடைசி விமானத்தில் சிலர் ஏறுகிறார்கள். காதலில் காயம்பட்டவர், தப்பி ஓடுபவர், முதிய தம்பதியர், வாழ்வின் பெரிய வாய்ப்பை நோக்கிச் செல்லும் விளையாட்டு வீரர் என ஒவ்வொருவருக்கும் ஒரு முன்கதை உண்டு. முப்பதாயிரம் அடி உயரத்தில் சிறு கோளாறு ஒன்று தோன்றுகிறது. பிறகு அது சிறு கோளாறாக இருப்பதில்லை. வீட்டுக் காணொளிச் சந்தையில் வளர்ந்த நோலிவுட், திரையரங்குக்கென விமானப் பேரிடர்ப் படம் எடுக்கத் துணிந்தது என்பதே அன்று பெருஞ்செய்தி. ஹாலிவுட் ஒரே காட்சிக்குச் செலவழிக்கும் தொகையில் முழுப் படத்தையும் முடிக்க வேண்டிய திரையுலகம் அது. கணினி வரைகலையில் அந்த வறுமை தெரியத்தான் செய்கிறது. அதைச் சொல்லிச் சிரித்த விமர்சகர்கள் உண்டு. அந்தச் சிரிப்பு முக்கியமான ஒன்றைக் கவனிக்கவில்லை.

உண்மைச் சம்பவங்களைத் தழுவியது என்றே படம் தன்னை அறிவித்துக்கொண்டது. அச்சம்பவங்களை நைஜீரியர்களுக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2005 அக்டோபர் 22 அன்று இரவு லாகோசிலிருந்து அபுஜாவுக்குக் கிளம்பிய பெல்வியூ நிறுவன விமானம் சில நிமிடங்களில் விழுந்து, அதிலிருந்த 117 பேரும் இறந்தனர். ஏழு வாரங்களுக்குள், டிசம்பர் 10 அன்று, அபுஜாவிலிருந்து போர்ட் ஹார்கோர்ட்டுக்குச் சென்ற சொசோலிசோ விமானம் தரையிறங்கும்போது நொறுங்கியது. 110 பேரில் இருவர் மட்டுமே பிழைத்தனர். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு திரும்பிய ஒரே பள்ளியின் மாணவர்கள் அறுபது பேர் இறந்தோரில் அடங்குவர். 2006 அக்டோபர் 29 அன்று அபுஜாவில் கிளம்பிய ஏடிசி விமானம் விழுந்து 96 பேர் மாண்டனர். சொகோட்டோ சுல்தானும் அவர்களுள் ஒருவர். ஓராண்டும் ஒரு வாரமும் கொண்ட இடைவெளியில் மூன்று விபத்துகள்.

பிறகு நிகழ்ந்ததை எந்தத் திரைக்கதையாளரும் எழுதத் துணியமாட்டார். படம் முடிந்து, விருதும் பெற்று, லண்டனில் 2012 ஜூன் 8 அன்று முதற்காட்சிக்குக் காத்திருந்தது. ஜூன் 3, ஞாயிற்றுக்கிழமை, அபுஜாவிலிருந்து லாகோசுக்கு வந்த டானா நிறுவன விமானம் இரு இயந்திரங்களும் சக்தி இழந்த நிலையில் நகரின் நெருக்கமான குடியிருப்பான இஜு இஷாகாவின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 153 பேரும், தரையில் ஆறு பேரும் இறந்தனர். ஐந்து நாள் கழித்து வெளியான படத்தைப் பார்த்தவர்கள் திரையில் எதைப் பார்த்திருப்பார்கள்? வரைகலையின் தரத்தையா?

படம் தன்னளவில் விபத்தின் காரணத்தை ஆழமாகத் தேடும் படம் அன்று. காதல், துரோகம், அலுவலகச் சூழ்ச்சி ஆகியவற்றைப் பின்னோக்கிச் சொல்வதிலேயே அதன் பெரும்பொழுது கழிகிறது. பராமரிப்புக் கூடத்தில், விமானிகளின் பணி நேரப் பட்டியலில், ஒழுங்குமுறை ஆணையத்தின் மேசையில் என்ன நடந்தது என்ற கேள்விக்குள் அது நெடுந்தூரம் போவதில்லை. ஆயினும் 2012 ஜூன் மாதத்துப் பார்வையாளர் அந்த வெற்றிடத்தைத் தாமே நிரப்பிக்கொண்டார்கள். திரையில் 'சிறு கோளாறு' என்று வந்ததும், அதன் பின்னாலிருக்கும் பழைய விமானத்தையும் தள்ளிப்போட்ட பழுதையும் கண்மூடிய அதிகாரியையும் அரங்கிலிருந்தோர் அறிந்திருந்தனர். டானா விபத்தின் இறுதி அறிக்கை 2017 இல் வந்தபோது, முதல் இயந்திரம் கட்டுப்பாட்டுக்கு இசையாமல் போன பின்பும் அருகிலிருந்த தகுந்த நிலையத்தில் இறங்காமல் லாகோஸ் வரை பறந்ததை அது சுட்டியது. ஒரு திரையுலகம் தன் நாட்டின் புண்ணைத் தொட்டது. தொட்ட கை முழுத் திறமையுள்ள கையாக இல்லாமல் இருக்கலாம். அதையும் செய்யாத திரையுலகங்கள் உண்டு. அவற்றுள் வசதியில் மேம்பட்ட ஒன்று இந்தியாவினுடையது.

இந்தியத் திரைப்படம் விமானத்துக்குள் நுழையும்போதெல்லாம் கையில் துப்பாக்கியோடு ஒருவன் கூடவே நுழைந்துவிடுகிறான். 1986 இல் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தை வைத்து 'நீர்ஜா', காந்தஹார் கடத்தலை வைத்து 2024 இல் இணையத் தொடர், எண்பதுகளின் கடத்தல்களைக் கற்பனையோடு கலந்த 'பெல் பாட்டம்', மலையாளத்தில் 'காந்தஹார்' என்று இப்பட்டியல் நீளும். தமிழில் ராதாமோகனின் 'பயணம்' (2011) இவ்வகையில் தலைசிறந்தது. சென்னையிலிருந்து டெல்லிக்குச் செல்லும் விமானம் கடத்தப்பட்டுத் திருப்பதியில் இறங்குகிறது. உள்ளே திரைநாயகர் ஒருவர் தம் பிம்பத்தின் சுமை தாளாமல் தவிக்கிறார். வெளியே அதிகாரிகள் கூடிக் கூடிக் கலைகிறார்கள். விடுவிக்கக் கேட்கப்பட்ட பயங்கரவாதி இறந்துவிட, அவனைப் போன்ற தோற்றமுடைய ஒருவரைத் தேடிப்பிடித்து அரசு நடிக்க வைக்கிறது. அரசு இயந்திரத்தின் தடுமாற்றத்தை இவ்வளவு நகைச்சுவையோடு காட்டிய கடத்தல் படம் இந்திய மொழிகளில் வேறொன்று இருப்பின், அதைக் கண்டவர்கள் சொல்லலாம். எனினும் இதுவும் கடத்தல் படமே.

கடத்தல் ஏன் இவ்வளவு வசதியாக இருக்கிறது? தேசப்பற்று விற்கும் என்பது வழக்கமான விடை. அது பாதி உண்மையே. மீதிப் பாதி, கேமரா எங்கே அமர்ந்திருக்கிறது என்பதில் உள்ளது. பயணிகள் விமானத்துக்குள் நிகழும் படம் என்றாலே கேமரா இருக்கை வரிசைகளுக்கும் விமானி அறைக்கும் இடையே அடைபட்டுவிடுகிறது. கடத்தலில் துன்பத்தின் காரணம் அதே கூண்டுக்குள் நிற்கிறது. அவனுக்கு முகம் உண்டு, குரல் உண்டு. இறுதிக் காட்சியில் அவனைச் சுடவும் முடியும். விபத்தின் காரணமோ அந்தக் கூண்டுக்குள் இருப்பதில்லை. அது மூன்றாண்டுக்கு முன் ஒரு பட்டறையில் தவறவிட்ட விரிசலாக இருக்கலாம். ஓடுபாதையின் முடிவில் விடவேண்டிய இடத்தை விடாத வரைபடமாக இருக்கலாம். சார்லஸ் பெரோ 1984 இல் எழுதிய 'நார்மல் ஆக்சிடென்ட்ஸ்' நூலின் அடிப்படை வாதத்தை இங்கே நினைக்கலாம்: சிக்கலான, ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த அமைப்புகளில் சின்னஞ்சிறு பழுதுகள் எதிர்பாராத விதமாகக் கைகோக்கும்; அவ்வகையில் பேரிடர் அவ்வமைப்பின் இயல்பிலேயே பொதிந்துள்ளது. கைகோக்கும் பழுதுகளுக்கு நடிகர் தேர்வு நடத்த இயலாது. எனவே கேமரா எழுந்து விமானத்தை விட்டு வெளியே நடக்க வேண்டும். நம் படங்கள் எழ மறுக்கின்றன.

எழுந்து பார்த்த முயற்சி ஒன்று உண்டு. 2015 ஆகஸ்டில் தோகாவிலிருந்து கொச்சிக்கு வந்த விமானம் மோசமான வானிலையில் கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் இறங்க மீண்டும் மீண்டும் முயன்று, எரிபொருள் வற்றும் தறுவாயில் ஏழாம் முயற்சியில் இறங்கியது. அதைத் தழுவி அஜய் தேவ்கன் இயக்கி நடித்த 'ரன்வே 34' (2022) தன் பிற்பாதியை விசாரணை அறைக்குள் நடத்துகிறது. தக்க தொடக்கம். ஆனால் விசாரணை விரைவிலேயே ஒரு தனி மனிதனின் மீதான வழக்காகச் சுருங்குகிறது. அவன் மேதையா, ஆணவக்காரனா என்பதே கேள்வியாகிறது. கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'சல்லி' (2016) படத்திலும் இதே நோய் இருந்தது. ஹட்சன் ஆற்றில் 155 பேரையும் காத்த விமானியை உயர்த்திக் காட்ட, விசாரணை அதிகாரிகளை வில்லன்களாக்கியது அப்படம். அவ்வமைப்பில் பணியாற்றியோர் வெளிப்படையாகவே மனம் நொந்தனர். விசாரணை என்பது குற்றவாளியைத் தேடுவது அன்று, அடுத்த விபத்தைத் தடுப்பது என்ற எளிய செய்தியைத் திரைப்படம் சொல்லத் தயங்குவதன் விளைவைப் பிறகு பார்க்கலாம்.

அதற்கு முன், தமிழ்த் திரைப்படம் விமான விபத்தை நேருக்கு நேர் சந்தித்த தருணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது திரைக்கு வெளியே நிகழ்ந்தது. 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பவிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. பயணிகள் அனைவரும் ஒரு காரவெல் விமானத்துக்கு மாற்றப்பட்டனர். அது மேலெழுந்ததும் ஓர் இயந்திரம் வெடித்துத் தீப்பற்றியது. திரும்பி இறங்க முயன்று ஓடுபாதையை எட்டுமுன் விழுந்தது. 95 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இயந்திரத்தின் காற்றழுத்தியில், பத்தாம் அடுக்குத் தட்டில் உலோகச் சோர்வால் உண்டான விரிசலே மூலம் என்று கண்டறியப்பட்டது. இறந்தோருள் நடிகை ராணி சந்திராவும் அவருடைய தாயும் சகோதரிகளும் இருந்தனர். புணே திரைப்படக் கல்லூரியில் பயின்ற கே. ஜி. ஜார்ஜின் முதல் படமான 'ஸ்வப்னாடன'த்தில் நடித்துக் கேரள அரசின் சிறந்த நடிகை விருதைப் பெற்றவர் அவர். தமிழில் ஏ. சி. திருலோகசந்தர் இயக்கத்தில் சிவகுமாருடன் 'பத்ரகாளி'யில் நடித்துக்கொண்டிருந்தார். படம் முடிந்திருக்கவில்லை.

எஞ்சிய காட்சிகளை அவரைப் போன்ற தோற்றமுடைய வேறொரு பெண்ணை வைத்து எடுத்து முடித்தனர். அவ்வாண்டு டிசம்பரில் 'பத்ரகாளி' வெளிவந்து பெருவெற்றி பெற்றது. தயாரிப்பாளரின் நிலையில் வேறு வழியில்லை. அதற்காக எவரையும் குறைகூறுவது நேர்மையாகாது. ஆயினும் அச்செயலின் வடிவம் உற்றுநோக்கத் தக்கது. விபத்தில் மறைந்தவரின் இடம் காலியாகத் தெரியக்கூடாது என்பதே அப்படப்பிடிப்பின் தொழில்நுட்பச் சிக்கலாக இருந்தது. கேமராவின் கோணமும் ஒளியும் தூரமும் அந்த வெற்றிடத்தை மறைக்கும்படி திட்டமிடப்பட்டன. பல திரையரங்குகளில் மக்கள் அப்படத்தைப் பார்த்தார்கள், அழுதார்கள், பாடல்களை மனப்பாடம் செய்தார்கள். காற்றழுத்தித் தட்டின் பத்தாம் அடுக்கைப் பற்றி எவரும் கேட்கவில்லை. ராணி சந்திராவின் மரணம் நட்சத்திரத்தின் விதியாக நினைவில் தங்கியது. மற்ற தொண்ணூறு பேரின் மரணம் அந்த அளவுக்குக்கூடத் தங்கவில்லை.

விதி என்ற சொல்லை விலக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் விபத்துப் படத்துக்கான கதை எவ்வளவு தெளிவாகக் கண்முன் கிடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரின் மேசைவடிவ ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தனர். எட்டுப் பேர் பிழைத்தனர். பெரும்பாலோர் வளைகுடாவில் உழைத்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். மறு ஆண்டு, 2011 இல், சென்னையைச் சேர்ந்த மூத்த விமானியும் பாதுகாப்பு வல்லுநருமான கேப்டன் மோகன் ரங்கநாதன், தாம் இடம்பெற்றிருந்த பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் வழியே அதிகாரிகளுக்கு எழுதினார். கோழிக்கோட்டு ஓடுபாதையும் அத்தகையதே. மழையில், பின்காற்றோடு, பத்தாம் எண் திசையில் இறங்குவது உயிர்களைப் பணயம் வைப்பதாகும் என்பது அதன் சாரம். ஒன்பது ஆண்டுகள் சென்றன. 2020 ஆகஸ்ட் 7 அன்று, பெருந்தொற்றுக் காலத்தில் துபாயிலிருந்து 190 பேரை ஏற்றி வந்த விமானம், கோழிக்கோட்டில் மழையில், பின்காற்றோடு, பத்தாம் எண் திசையில் இறங்கி ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர்.

இதற்கு மேல் ஒரு திரைக்கதைக்கு என்ன வேண்டும்? தொடக்கத்தில் ஒரு கடிதம், இறுதியில் அக்கடிதம் வருணித்த காட்சி, இடையில் ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுகள்தாம் படம். கோப்பு எந்த மேசையில் இருந்தது, அந்நிலையத்தில் பெரிய விமானங்கள் இறங்க வேண்டுமென்ற ஊர்க்காரர்களின் நியாயமான விருப்பம் அதை எப்படி அழுத்தியது, பாதுகாப்புக்கான இடத்தைக் கூட்ட நிலம் தேவைப்பட்டபோது எவர் தயங்கினர், கடிதத்தை எழுதியவர் ஒவ்வொரு மழைக்காலத்தையும் எப்படிக் கடந்தார் ஆகிய எல்லாவற்றையும் விமானத்துக்குள் ஏறாமலேயே காட்டலாம். 2021 இல் வெளிவந்த விசாரணை அறிக்கையும் விமானி நடைமுறையைப் பின்பற்றாததை முதன்மைக் காரணமாகச் சொன்னதோடு நில்லாமல், அமைப்புசார் குறைபாடுகளின் பங்கைப் புறக்கணிக்க இயலாது என்று பதிவு செய்தது. அறிக்கை எழுதிய அதிகாரிகளுக்குத் தெரிந்த இந்த நாடகம் இயக்குநர்களுக்குத் தெரியவில்லை என்பது வியப்புக்குரியது.

எதிர்வாதம் உண்டு. திரைப்படம் விசாரணை அறிக்கை அன்று. கோப்புகளைப் பார்க்க எவரும் நுழைவுச்சீட்டு வாங்கமாட்டார்கள். நிறுவனங்கள் வழக்குத் தொடுக்கும். விமானங்களையும் நிலையங்களையும் படப்பிடிப்புக்குத் தரமாட்டார்கள். இவற்றுள் கடைசி இரண்டும் மெய்யான தடைகள். முதல் இரண்டும் சாக்குகள். நிபா தொற்றைப் பற்றிய 'வைரஸ்' (2019) மருத்துவமனை, ஆட்சியர் அலுவலகம், ஆய்வகம் என்று நகர்ந்து, நோயின் சங்கிலியைத் தேடுவதையே விறுவிறுப்பாக்கியது. தமிழிலோ கோபி நயினாரின் 'அறம்' (2017) இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்கும் கதையை, விசாரணைக்கு உள்ளான ஆட்சியரின் வாக்குமூலமாகச் சொன்ன படம் அது. ஏவுதளத்திலிருந்து ராக்கெட் கிளம்பும் வானத்தின் கீழே, ஒரு குழந்தையைத் தூக்க உரிய கருவி இல்லாத ஊரைக் காட்டியது. மேலே பறக்கும் பொறியைக் கீழே நிற்பவரின் கண்ணால் பார்க்கத் தமிழ்த் திரைப்படத்துக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. தெரிந்தும் விமானத்தின் வாசலில் அந்தக் கண்ணை மூடிக்கொள்கிறது.

இதனால் இழப்பு என்ன என்று கேட்கலாம். படம் வராவிட்டால் வராமல் போகட்டுமே? இழப்பு 2025 ஜூனில் தெரிந்தது. ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் உடனடியாகவே விழுந்தது. 242 பேரில் ஒருவர் மட்டும் உயிர்தப்பினார். தரையில் 19 பேர் இறந்தனர். ஒரு மாதத்தில் வெளிவந்த முதற்கட்ட அறிக்கை, எரிபொருள் விசைகள் இரண்டும் அடுத்தடுத்து 'நிறுத்தம்' நிலைக்குச் சென்றதையும், ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்க, தாம் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதையும் பதிந்தது. அவ்வளவே. அந்தச் சில வரிகளைக் கொண்டு தொலைக்காட்சிகளும் சமூக ஊடகங்களும் சில மணி நேரத்தில் முழுநீளப் படத்தையே எடுத்து முடித்தன. களம் விமானி அறை, பாத்திரங்கள் இருவர், இருவரில் ஒருவன் குற்றவாளி. பேசவியலாத இறந்த மனிதர் ஒருவரின் மனநிலை, குடும்ப வாழ்க்கை, முகபாவம் எல்லாம் அலசப்பட்டன. கடத்தல் படங்களை மட்டுமே பார்த்து வளர்ந்த சமூகம், விபத்தைக் கேட்டதும் கடத்தல்காரனைத் தேடியது. கூண்டுக்குள் கேமராவை வைத்துப் பழகிய கண்ணுக்குக் கூண்டுக்குள் இருப்பவர் மட்டுமே தெரிவார்.

இப்பழக்கத்தின் இன்னொரு பலி, தரையில் இருந்தவர்கள். அகமதாபாத்தில் அந்த விமானம் மருத்துவக் கல்லூரி விடுதியின் உணவுக்கூடத்தின் மீது விழுந்தது. மாணவர்கள் மதிய உணவு உண்டுகொண்டிருந்த நேரம். இஜு இஷாகாவில் ஞாயிறு பிற்பகலில் வீட்டிலிருந்தவர்கள் இறந்தார்கள். 1974 டிசம்பர் 4 அன்று, இந்தோனேசிய ஹஜ் பயணிகளோடு 191 பேரை ஏற்றி வந்த விமானம் இலங்கையின் மஸ்கெலியாவில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, விமானப் பயணம் கனவிலும் எட்டாத மக்கள் வாழும் பகுதி அது. கோழிக்கோட்டில் விமானம் உடைந்த இரவில், தொற்று அச்சத்தையும் மழையையும் பொருட்படுத்தாமல் முதலில் ஓடிவந்து காயம்பட்டோரைத் தம் வாகனங்களில் ஏற்றியவர்கள் கொண்டோட்டியின் சுற்றுவட்டார மக்கள்தாம். விமானப் பேரிடர்ப் படங்களில் இவர்கள் எங்கே? 'லாஸ்ட் ஃப்ளைட் டு அபுஜா'விலும் இவர்களுக்கு இருக்கை இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கியோரின் துயரமே அங்கும் துயரம். அப்படத்தின் மீது வைக்கத்தக்க மெய்யான குறை இதுவே. வரைகலையின் வறுமை அன்று.

புணே மாவட்டத்துக்கே இதில் பழைய பங்கு உண்டு. 1962 ஜூலை 7 அன்று பாங்காக்கிலிருந்து பம்பாய்க்கு வந்த அலிடாலியா விமானம் ஜுன்னர் பக்கத்து மலையில் மோதி 94 பேர் இறந்தனர். உயரத்தைத் தவறாக முன்கூட்டியே குறைத்ததே காரணம். 2014 அக்டோபரில் லோஹேகாவ் தளத்தைச் சேர்ந்த சுகோய் ஒன்று தேவூர் கிராமத்தருகே விழுந்தது. விமானிகள் இருவரும் இருக்கையோடு வெளியேறிப் பிழைத்தனர், பொறி வயலில் விழுந்தது. விஷ்ராந்த்வாடியில் வீடு கட்டுவோர் மாடியின் உயரத்துக்கு விமானத் தளத்தின் இசைவை எதிர்நோக்குகிறார்கள். கீழே இருப்பவர் மேலே செல்வதைத் தடுக்கக்கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறது. மேலே செல்வது கீழே விழுந்தால் என்ற கேள்வி அவ்வளவு கண்டிப்பாக எழுதப்பட்டிருப்பதாகத் தெரியவில்லை.

இவ்வூரிலிருந்து ஒரு படம் தொடங்க வேண்டுமானால் 2020 பிப்ரவரி 15 ஆம் நாளின் காலையிலிருந்து தொடங்கலாம். டெல்லிக்குச் செல்லும் ஏர் இந்தியா விமானம் லோஹேகாவ் ஓடுபாதையில் மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே, ஓடுபாதையின் மீது, ஒரு ஜீப்பும் ஒரு மனிதரும் நிற்பதை விமானிகள் கண்டனர். நிறுத்துவதற்கு இடமில்லை. உரிய வேகத்தை எட்டும் முன்பே விமானத்தை மேலே இழுத்தனர்; அதன் பின்புற அடிப்பாகம் சேதமுற்றது; ஜீப்பைத் தாண்டி அது பறந்துபோயிற்று. டெல்லியில் பத்திரமாக இறங்கிய பிறகு சேதம் ஆராயப்பட்டது, ஒலிப்பதிவுக் கருவி கழற்றப்பட்டது, விசாரணை தொடங்கியது. விமானி அறையிலிருந்து பார்த்தால் அது சில நொடிக் காட்சி. ஜீப்பின் அருகே நின்றவருடைய இடத்தில் கேமராவை வைத்தால், அவர் ஏன் அந்நேரத்தில் அங்கே நின்றார், எவர் அனுமதித்தார், எந்தத் தகவல் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போய்ச் சேரவில்லை என்பது வரை பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும். முதற்காட்சியில் தலைக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்தில், ஒரு விமானத்தின் அடிவயிறு மட்டும் தெரியும்.